மாடனுக்கு ராத்திரி ஷிப்டு

சுடலைமாடன் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தது சண்டைக்காலத்தில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சொந்தக்காரர் ஊர்களுக்கு ஓடிய தூத்துக்குடிக்காரர்கள், குண்டு விழாததில் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பி வந்திருந்த சமயம். மாடன் தானாக வேலை கேட்டுப் போகவில்லை. அவருக்கு அப்படி ஒரு ஆசை இருந்ததாகவும் தெரியவில்லை. வன்னியபெருமாள்தான் வாயைக் கொடுத்து அவரை மாட்டிவிட்டான்.

வன்னியபெருமாளுக்குக் கிளாரன்ஸ் மில்லில், பஞ்சு அடிக்கும் கூடத்தில் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது புருவமும் மீசையும் நரைத்துக் கிழவனாக வருவான். குளித்தபிறகு பழைய வயது திரும்பும், இருமல் மட்டும் போகாது. மில்லில் எல்லோருக்கும் உள்ளதுபோல அவனுக்கும் ஒரு டோக்கன் உண்டு. நம்பர் அடித்த பித்தளை வில்லை. சங்கு ஊதினதும் வாசலில் வரிசையில் நின்று கையை நீட்ட வேண்டும். டைம் கீப்பர் அதை உள்ளங்கையில் வைப்பார். டோக்கன் கையில் இருந்தால் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம். கையில் இல்லாவிட்டால் டைம் கீப்பருக்கு நேர் எதிரே நின்று இருமினாலும் ஆள் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்றும் அவனுக்கு இருந்தது. மில்லுக்கு வடக்கே தேரி என்கிற செம்மண் மேட்டில், செங்கல்லும் சுண்ணாம்புமான பீடமாக நின்ற சுடலைமாடனுக்கு அவன்தான் கோமரத்தாடி. கொடைத் திருவிழாவன்று கணியான்கள் மகுடம் என்ற பறையைத் தட்டினால் மாடன் அவன்மேல்தான் இறங்குவார். முதல் அடி விழுந்ததும் இடது முழங்கால் தானாகத் துடிக்கும். அப்புறம் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் அப்பனுக்கும் அதே முழங்கால்தான் துடித்தது.

சண்டைக்குக் கூடாரத்துணி வேண்டும் என்று சர்க்கார் கேட்டதால் மில் பெருக்க ஆரம்பித்தது. வடக்குத் தேரியைக் கம்பெனி வாங்கிச் சுற்றிச் சுவர் எழுப்பியது. மாடன் சுவருக்குள் போய்விட்டார். யாரும் கம்பெனியோடு மல்லுக்குப் போகவில்லை. 'உள்ளேதானே இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார்' என்று இருந்துவிட்டார்கள்.

வன்னியபெருமாளால் அப்படி இருக்க முடியவில்லை. சுவர் எழும்புமுன், ஐப்பசி மழையில் வாந்திபேதி வந்தபோது அவன் கடைசி மகள், சுடலைமாடத்தி என்ற சின்னப்பெண், கண்ணைச் செருகிக் கிடந்தாள். அவன் பெண்டாட்டி சீனித்தாய் மாடன் பீடத்தின் முன் விழுந்து, பிள்ளை பிழைத்தால் வைகாசிக் கொடைக்குப் பொங்கல் வைத்து அந்த இடத்திலேயே முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து பிள்ளையின் தலையில் கத்தி படவில்லை. சிக்கும் பேனுமாக முடி தோளைத் தாண்டி வளர, சீனித்தாய் தினமும் அதைக் கோதிக்கொண்டே, "அவருகிட்ட கடன் வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது. கொடை எப்பன்னு கேட்டீரா இல்லையா?" என்று புருஷனைப் பிடுங்கினாள்.

ஆகவே மாசி மாதம் ஒருநாள் அவன் லேபர் ஆபீசரைப் பார்க்கப் போனான்.

லேபர் ஆபீசர் என்ற உத்தியோகம் அதற்கு முன் அந்த மில்லில் கிடையாது. குறை இருந்தால் தொழிலாளி மேஸ்திரியிடம் சொல்வான், மேஸ்திரி அடிப்பார், விஷயம் முடிந்துவிடும். இப்போது சென்னையில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. வாங்கிய சிவசுப்பிரமணியன் வந்திருந்தார். அவர் அடிப்பதில்லை. விளக்குவார். அடியே தேவலை என்று சொன்னவர்கள் உண்டு.

"சுவருக்குள்ளே யாரு இருக்கிறதா சொல்றே?" என்றார் அவர்.

"மாடன்யா. சுடலைமாடன்."

"எவ்வளவு காலமா இருக்கான்?"

"எங்க பாட்டன் பூட்டனுக்கு முன்னாலேயே அங்கனதான் நிக்காரு."

"டோக்கன் இல்லாமலா?"

சிவசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"இங்கே பாரு. உலகத்திலே எந்தத் தொழிலை எடுத்தாலும் அதிலே மூணே மூணுதான் உண்டு. நிலம், உழைப்பு, மூலதனம். சுவருக்கு உள்ளே இருக்கிறது எதுவானாலும் இந்த மூணிலே ஒண்ணா இருந்தாகணும். உங்க மாடன் நிலமா?"

"இல்லய்யா. நிலத்துமேல நிக்காரு."

"மூலதனமா? கம்பெனி விலை கொடுத்து வாங்கிச்சா?"

"அய்யோ, சாமிய யாருய்யா விலைக்கு வாங்குவா?"

"அப்போ மிச்சம் ஒண்ணுதான். உழைப்பு. என்ன வேலை பார்க்கிறான்?"

இங்கேதான் வன்னியபெருமாள் வாயைக் கொடுத்தான். தன் சாமியைப் பற்றி ஒரு பெரிய மனுஷர் இத்தனை அக்கறையாகக் கேட்கிறாரே என்று அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "காவல்யா! இந்தச் சுத்துவட்டாரத்துக்கே அவருதான் காவல். ராத்திரி முச்சூடும் கண்ண மூட மாட்டாரு" என்றான்.

"வாட்ச்மேன். ராத்திரி ஷிப்டு" என்றார் சிவசுப்பிரமணியன்.

மானேஜர் டங்கன் துரையின் சம்மதம் வேண்டியிருந்தது. துரைக்குத் தமிழில் 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தை தெரியும். இத்தனை வருஷத்தில் இரண்டாவது வார்த்தைக்கு அவசியம் ஏற்படவில்லை. புது வாட்ச்மேனைப் பற்றி அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கூலி என்ன? கூலி கிடையாது என்று சிவசுப்பிரமணியன் சொன்னதும், மறுகேள்வி இல்லாமல் தலையை ஆட்டினார்.

வன்னியபெருமாள் வீட்டுக்கு ஓடிவந்து, மாடனுக்கு மில்லில் இடம் உறுதியாகிவிட்டது, இனி யாரும் அவரை அசைக்க முடியாது என்று சொன்னான்.

"கொடைக்கு என்ன சொன்னாரு?" என்றாள் சீனித்தாய்.

அதைக் கேட்க மறந்துவிட்டான்.

மாடனுக்குப் பித்தளை டோக்கன் வந்தது. பீடத்தில் சார்த்தியிருந்த வெட்டரிவாளில் மில் நூலாலேயே அதைக் கட்டினார்கள். டோக்கன் கொடுத்தால் போதுமா? ஆள் வேலைக்கு வந்திருக்கிறானா என்று தினமும் பார்க்க வேண்டாமா? அது டைம் கீப்பர் பர்னபாஸ் தலையில் விழுந்தது. பர்னபாஸ் நாசரேத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் முன்வரிசையில் உட்காருகிறவர். சாயங்காலச் சங்கு ஊதினதும் அவர் மாடன் பீடத்தின் முன் நின்று பெயர் கூப்பிட வேண்டும், பதில் வர வேண்டும். மாடன் பதில் சொல்லாததால், அவர் சார்பில் பேச அதிகாரமுள்ளவன் என்ற முறையில் கோமரத்தாடி சொல்ல வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு போட்டது. பகல் முழுக்கப் பஞ்சோடு மல்லுக்கட்டிவிட்டு, தன் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வன்னியபெருமாள் மாடனுக்காக மறுபடி உள்ளே போனான்.

முதல் நாள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாமல் நின்றார்கள்.

"ஏலே வன்னியபெருமாளு, எங்க உபதேசியாருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு? மாடன் முன்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுதானுவளே" என்றார் பர்னபாஸ்.

"பேரச் சொல்லாண்டாம் அண்ணாச்சி. நம்பரச் சொல்லிக் கூப்பிடும். நம்பருக்கு வேதம் ஏது?"

பர்னபாஸுக்கு அது நியாயமாகப் பட்டது. "நானூத்திப் பன்னெண்டு!" என்று தேரியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆஜர்" என்றான் வன்னியபெருமாள். மாடன் மேலே இறங்காமல் மாடனாகப் பேசியது அவன் ஆயுசில் அதுதான் முதல் தடவை. மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளில் கன்னத்தில் போட்டுக்கொள்வது நின்றுபோனது. ஆஜர் மட்டும் தவறாமல் வந்தது.

பங்குனியில் பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மனுஷன் வேலை செய்யும்போது வீணாகக் கையையும் காலையும் எத்தனை தடவை அசைக்கிறான் என்று கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். கையில் ஒரு கடிகாரம். தலையில் அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பஞ்சுக்கூடத்தில் வன்னியபெருமாள் இருமுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்தார். இருமலுக்கு மருந்து சொல்லவில்லை. இருமும்போது கையை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அப்படியே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, சாயங்காலம் மாடன் பீடத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்கினார். வெகுநேரம் பார்த்தார். வாட்ச்மேன் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு ஒரு தடவைகூட வீணாக அசையவில்லை. இந்தியா முழுக்கச் சுற்றியும் இப்படி ஒரு தொழிலாளியைத் தான் கண்டதில்லை என்று நிபுணர் துரையிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் மத்தியானம் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி நிறுத்திச் சிவசுப்பிரமணியன் பேசினார்.

"தொழிலாளத் தோழர்களே! நம்மிடையே ஒரு தொழிலாளி இருக்கிறான். அவன் நடுவில் காப்பி குடிக்கப் போவதில்லை. வெற்றிலை போட்டுச் சுவரில் துப்புவதில்லை. அவன் மனைவிக்குப் பிரசவம் இல்லை. அவனுடைய சித்தப்பா வருஷத்துக்கு மூன்று தடவை சாவதில்லை. அவன் கூலி உயர்வு கேட்பதில்லை. கூலியே கேட்பதில்லை. தோழர்களே, கூலி என்பது முதலாளி நிர்ணயிப்பதல்ல. துரையவர்கள் உங்களுக்கு அள்ளிக் கொடுக்கத்தான் ஆசைப்படுகிறார். பொருளாதார விதி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. தேவை என்று ஒன்று இருக்கிறது, வரத்து என்று ஒன்று இருக்கிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூலி தானாக நிற்கிறது. தொழிலாளி மட்டும் தன் தேவைகளை விட்டுவிட்டால் அந்தக் கூலி எவ்வளவு அழகாகக் கீழே இறங்கி வரும் என்பதற்கு மாடனே சாட்சி! நீங்கள் எல்லோரும் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திசையில் ஒரு முயற்சி எடுக்கலாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். அந்த வாரமே, கூலியில்லாத வாட்ச்மேன் ஒருவன் இருக்கும்போது கூலியுள்ள வாட்ச்மேன்கள் எதற்கு என்று துரைக்குத் தோன்றியது. வடக்குச் சுவர்ப் பக்கத்துக் காவலாட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவன் இசக்கியப்பன், சீனித்தாயின் அண்ணன்.

அவன் நேரே வன்னியபெருமாள் வீட்டுக்கு வந்தான். சண்டை போடத்தான் வந்தான். வாசலில் மருமகள் தலை நிறைய முடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"மாப்ள, உம்ம சாமி என் சோத்துல மண்ணப் போட்டுட்டாரே."

"நான் என்ன மச்சான் செஞ்சேன்? காவலுன்னுதான் சொன்னேன்."

"நீரு காவலுன்னு சொன்னீரு. அவனுவ காவல்காரன்னு எடுத்துக்கிட்டானுவ. ஏன் வே, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கப்படாதா? கூலி வாங்காம வேல பாக்கக்கூடிய ஆளு ஒருத்தன் இருக்காம்னு துரைக்குக் காட்டிக் குடுத்துட்டீரே. இனி எவனுக்குக் கூலி குடுப்பான்?"

வன்னியபெருமாளுக்கு ஆத்திரம் வந்தது; யார்மேல் என்பதுதான் பிடிபடவில்லை. துரைமேல் என்றால் துரை எட்டாத உயரத்தில் இருந்தார். மாடன்மேல் என்றால் நாக்கு அழுகிவிடும். கடைசியில், சோறு குழைந்துவிட்டது என்று சீனித்தாய்மேல் எரிந்து விழுந்தான்.

காவலாட்கள் போனதும், எதிர்பார்க்கக்கூடிய காரியம் நடந்தது. சரக்கு வைக்கும் கிட்டங்கியில் நூல் மூட்டைகள் குறைந்தன. சண்டைக்காலத்தில் நூலுக்கு இருந்த கிராக்கியில், மூட்டைகள் பெரிய வாசல் வழியாகவே லாரியேறிப் போயின என்று லோடு ஏற்றியவர்களுக்குத் தெரியும். யாருடைய லாரி என்றும் தெரியும். ஆபீசுக்கு அது தெரியவில்லை. காவலில் இருந்தது யார்? நானூற்றுப் பன்னிரண்டு. வேலை நேரத்தில் தூங்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மாடனைக் கேட்டு ஒரு காகிதம் வந்தது. பீடத்தில் ஒட்டினார்கள். கெடு முடிந்தும் மாடன் பதில் சொல்லவில்லை. ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டார்கள். கூலி இல்லாதவனுக்கு அபராதம் போட முடியாது. யோசித்துப் பார்த்து, அவனுடைய லீவு எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள்.

வன்னியபெருமாள் இந்தத் தடவை மறக்காமல் கொடையைப் பற்றிக் கேட்டான். வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு பொழுது, மாடன் தன்மேல் இறங்கி ஆட வேண்டும், பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும்.

"தாராளமா ஆடட்டும்" என்றார் சிவசுப்பிரமணியன். "நான் மத விஷயத்திலே குறுக்கிடுறவன் இல்லை. வேலை நேரத்திலே கூடாது, அவ்வளவுதான். மாடனுக்கு ராத்திரி ஷிப்டு. ராத்திரி ஆட முடியாது. பகல்லே அவன் சும்மாத்தானே இருக்கான், பகல்லே ஆடட்டும்."

"பகல்ல நான் பஞ்சுக்கூடத்துல நிக்கணுமேய்யா."

"அப்போ நீ ஓய்வா இருக்கிற நேரத்திலே ஆடு."

"அப்ப மாடனுக்கு வேலன்னு நீங்கதானய்யா சொல்லுதீய."

சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு விஷயம் விளங்கவே இல்லை. நீ ஒரு தொழிலாளி. மாடன் ஒரு தொழிலாளி. ரெண்டு தொழிலாளி ஒரே சமயத்திலே ஒரே உடம்பை உபயோகிச்சா, ஒரு ஆள் வேலைதான் நடக்கும். இன்னொரு ஆள் உழைப்பு நஷ்டம். அதுவும் சாமியாட்டத்திலே உற்பத்தி ஆகிறது ஒண்ணுமில்லை. வியர்வை செலவாகுது, சரக்கு வெளியே வர்றதில்லை. இதுக்கு உற்பத்தியில்லா உழைப்புன்னு பேரு."

"அப்ப ஒரு நாளைக்கு எனக்கு மட்டுமாவது லீவு குடுங்கய்யா."

"இது யுத்த உற்பத்தி. அவசரச் சட்டம் இருக்கு. நீ வேலையை விட்டு அங்கே இங்கே நகர்ந்தா ஜெயில்."

வெளியே வந்த வன்னியபெருமாளுக்கு எரிச்சலில் கண் கலங்கியது. சாமி சும்மா இருக்கும்போது ஆள் வேலையில். ஆள் சும்மா இருக்கும்போது சாமி வேலையில். தினமும் சாயங்காலம் சங்கு ஊதும்போது, அவன் வெளியேறுவதும் மாடன் வேலை ஏற்பதும் ஒரே நிமிஷம். அவன் தன் சாமியைச் சந்திக்கிற நேரம் என்று ஒன்று இருந்தால் அது, "நானூத்திப் பன்னெண்டு!" என்று பர்னபாஸ் கூப்பிடுகிற அந்த நேரம்தான்.

சீனித்தாய் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மகள் தலையில் பேன் பார்த்தாள். பிறகு, "பிடிமண்ணு எடுத்துட்டு வாரும்" என்றாள்.

ஊரைவிட்டு ஊர் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். சாமி நின்ற இடத்தில் ஒரு கைப்பிடி மண் அள்ளி, போகிற இடத்தில் வைத்துப் பீடம் போட்டால் சாமி அங்கே வந்துவிடும். மில் சுவருக்கு வெளியே, ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு பீடம் கட்டிவிட்டால் போயிற்று. உள்ளே இருப்பதைக் கம்பெனி வாட்ச்மேனாக வைத்துக்கொள்ளட்டும். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று வன்னியபெருமாள் தன்னையே திட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஆஜர் சொல்லிவிட்டு, பர்னபாஸ் முதுகைத் திருப்பியதும் பீடத்தடியில் ஒரு பிடி மண் அள்ளித் துண்டில் முடிந்து மடியில் சொருகிக்கொண்டான். யாராவது நூல் கடத்துகிறார்களா என்று வாசலில் மடியைத் தடவிப் பார்ப்பது மில் வழக்கம். தினமும் தன்னைத் தடவுகிற அந்தக் கையை அவன் மறந்தே போயிருந்தான். மடி கனத்தது. முடிச்சை அவிழ்த்தார்கள். லாரி லாரியாக நூல் போனபோது அசையாத வாசல், ஒரு பிடி செம்மண்ணைக் கண்டதும் அலறியது.

விசாரணை துரையின் அறையில் நடந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்து, "சீக்கிரம்" என்றார். சிவசுப்பிரமணியன் எழுந்து நின்று தமிழில் விவரித்தார்.

"மண் யாருடையது? கம்பெனியுடையது. ஆகவே நீ நிலத்தைத் திருடியிருக்கிறாய். அந்த மண்ணோடு யார் வருவதாக உங்கள் ஜனங்கள் நம்புகிறார்கள்? மாடன். ஆகவே யுத்த உற்பத்தியில் இருக்கும் ஒரு தொழிலாளியை வேலை நேரத்தில் கடத்தியிருக்கிறாய். நிலம் போயிற்று, உழைப்பு போயிற்று! ஒரே கைப்பிடியில் இரண்டு! மிச்சம் இருப்பது மூலதனம் ஒன்றுதான். அதை எப்போது எடுத்துப்போவதாக உத்தேசம்?"

"நான் எதையும் எடுக்கலய்யா. அந்த மண்ணு எங்க மண்ணுய்யா" என்றான் வன்னியபெருமாள். அவன் குரல் அவனுக்கே அழுகையாகக் கேட்டது. "பிள்ளைக்கு முடி எறக்கணும். அவ்வளவுதான்யா கேட்டேன். மாசியிலேருந்து அது ஒண்ணுதான்யா கேக்கேன்."

முடி இறக்குவது மூன்றில் எதிலும் சேராததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தானாக வேலையை விட்டால் ஜெயிலுக்கு அனுப்பும் அதே சட்டத்தை மடித்து வைத்துவிட்டு அவனை வேலையைவிட்டு நீக்கினார்கள். டோக்கனைப் பர்னபாஸ்தான் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் தலை நிமிரவில்லை.

மண்ணைச் சாட்சிப் பொருளாக ஒரு சிகரெட் டின்னில் போட்டு, சிவசுப்பிரமணியன் மேஜைமேல் வைத்தார்கள். பிடிமண் போன இடத்துக்குத்தான் சாமி போகும். அடுத்த நாளிலிருந்து லேபர் ஆபீஸ் வாசலைக் கடக்கிற தொழிலாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடந்தார்கள். ஜன்னல் வழியாக மேஜையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பெண்கள் கும்பிட்டுவிட்டுத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிவசுப்பிரமணியன் முதலில் திடுக்கிட்டார். பிறகு பழகிக்கொண்டார். நடவடிக்கை எடுத்தபின் தொழிலாளிகளிடம் நிர்வாகத்தின் மேல் மரியாதை பெருகியிருக்கிறது என்று துரையிடம் சொன்னார். யாரோ ஜன்னலில் ஒரு செவ்வரளிப் பூ வைத்துவிட்டுப் போனதை எடுத்துச் சட்டையில் சொருகிக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள்.

மாடனுக்கு ஆஜர் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இசக்கியப்பனைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள். பழைய கூலியில் பாதி. "என்ன செய்யச் சொல்லுதீரு மாப்ள, அடுப்பு எரியணுமே" என்று அவன் வன்னியபெருமாளிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வைகாசி கடைசி வெள்ளி வந்தது. பிடிமண் இல்லை. நேர்ச்சை அதற்காகக் காத்து நிற்காதே என்று சீனித்தாய் பிடிவாதம் பிடித்தாள். மாடனுக்கு ஷிப்டு இல்லாத பகல் நேரம் பார்த்து, ரோட்டோரத்தில் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த மில் ஜனங்கள் சுற்றி நின்றார்கள். பொங்கல் பொங்கியது. நாவிதர் கத்தியைத் தீட்டித் தயாராக உட்கார்ந்தார். சாமி இறங்கி வந்து முதல் முடியைத் தொட்டுக் கொடுத்தால்தான் கத்தி வைக்கலாம். சுடலைமாடத்தி புதுப் பாவாடையோடு மணையில் உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

கணியான்கள் மகுடம் தட்டினார்கள். வன்னியபெருமாள் சாமியாடிக்குரிய சல்லடம் கட்டி, வல்லயம் என்ற ஈட்டியை ஊன்றி, கண்ணை மூடி நின்றான். முழங்கால் துடிக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அவன் உடம்பில் வியர்வை ஓடியது, இருமல் வந்தது, மாடன் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே மகள் இருந்தாள். மறுபடி இறுக மூடிக்கொண்டான். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணியான்களின் கை ஓய்ந்தது.

அப்போது மில்லில், சாப்பிடப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுகிற சங்கு ஊதியது.

வன்னியபெருமாளின் இடது முழங்கால் துடித்தது. தொடை நடுங்கியது. தலை இரண்டு பக்கமும் ஆட, வல்லயத்தை வீசி எறிந்துவிட்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். "வந்துட்டாரு! சாமி வந்துட்டாரு!" என்று கூட்டம் அலறியது. கணியான்கள் விட்ட இடத்திலிருந்து வெறியோடு தட்டினார்கள். அவன் பீடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டைத் தாண்டி ஓடினான். குலவையும் மகுடமும் பின்னாலேயே ஓடின. மில் வாசலுக்குப் போனதும், முண்டியடிக்காமல், ஏற்கெனவே நின்றவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர்கள் பயந்து விலகினார்கள். பர்னபாஸின் ஜன்னலுக்கு நேரே வந்து, கண் செருகியபடி வலது கையை நீட்டினான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "எப்பா, என்ன குறையிருந்தாலும் பொறுத்துக்கிடும். உமக்கு என்ன வேணும், வாயத் திறந்து கேளும்" என்று கதறினார்.

"டோக்கன்" என்றான் வன்னியபெருமாள்.

பர்னபாஸின் கை பழக்கத்தில், டோக்கன்கள் தொங்கும் ஆணிப்பலகைப் பக்கம் போய், அவன் டோக்கன் தொங்கிய வெறும் ஆணியைத் தொட்டு நின்றது. மாடியில் சிவசுப்பிரமணியன் துரையை ஜன்னலுக்கு அழைத்துவந்து காட்டினார். நீக்கப்பட்ட தொழிலாளிகூடச் சங்கு கேட்டதும் ஓடிவந்து ஒழுங்காக வரிசையில் நிற்கிறான், இந்த வருஷம் நாம் சாதித்தது இதுதான் என்றார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். வாசலை மறிக்கிற கூட்டத்தை, "சீக்கிரம்" என்று கையால் விரட்டினார்.

எல்லோரும் டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வன்னியபெருமாள் மட்டும் நீட்டிய கையோடு நின்றான். அவன் நடுக்கம் இன்னும் அடங்கவில்லை.

சீனித்தாய் வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். அழவில்லை, வாய்விட்டு ஏதோ திட்ட வந்தது, யாரைத் திட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. அவனை நடத்திக்கொண்டு ரோட்டோரத்துக்கு வந்தபோது, மணையில் பிள்ளை அப்படியே உட்கார்ந்திருந்தது. நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்கலாமா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

"கத்திய மடக்கும் அண்ணாச்சி" என்றாள் சீனித்தாய். "சாமிக்கு இன்னும் ஷிப்டு முடியல."